சோதனையா, ஆய்வா?

பாம்பன் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, இங்கிலாந்தின் தீயணைப்புத் துறை பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரை ஒன்றைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன். 'தீயணைப்பு அமைப்புகளில் சுயேச்சையான சோதனை' என்ற வரி வந்ததும், கிழிந்த வலையை மடியில் போட்டுச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் நிமிராமலே கேட்டார்: "எவ்வளவு சிக்கியது, தம்பி?"

அவர் கேட்டதில் தவறே இல்லை. நம் நாளிதழில் அரசு அலுவலகத்தில் 'சோதனை' என்றால் அடுத்த வரியில் 'கணக்கில் வராத பணம்' வந்தே தீரும். 'சுயேச்சை' என்றாலோ தேர்தல் சின்னம்தான் கண்முன் வருகிறது. 'சார்பற்ற' என்று எழுதக் கை வலிக்குமா?

சோதனை, தூய்மை செய்தலைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. அதற்காக நான் சண்டை பிடிக்கவில்லை. பொருள் குழம்புகிறது, அதுதான் என் புகார். சிலர் 'தணிக்கை' என்கிறார்கள். அது உருது வழி வந்த சொல், கணக்கேட்டோடும் சினிமாவோடும் ஒட்டிப்போய்விட்டது.

இங்கே 'இன்ஸ்பெக்‌ஷன்' என்பதற்குச் சரியான சொல் ஆய்வு. கீரை ஆய்கிறோம், மீன் ஆய்கிறோம். செவுளைத் தூக்கிச் சிவப்பு இருக்கிறதா என்று பார்த்து, குடலை எடுத்து, ஆகாததை ஒதுக்குகிறோம். 'ஆய்வு என்றால் பல்கலைக்கழக ஆராய்ச்சி என்று நினைத்துவிடுவார்களே' என்கிறார் மொழிபெயர்க்கும் நண்பர் ஒருவர். ஆட்சியர் அரசுப் பள்ளியில் திடீர் ஆய்வு செய்தார் என்றால் முனைவர் பட்டத்துக்கு என்றா நினைக்கிறோம்? இன்ஸ்பெக்டரை ஆய்வாளர் என்று எழுதிப் பழகிய மொழிக்கு இந்தப் பயம் எதற்கு? இங்கிலாந்திலும் 1856 முதல் காவல்துறையை ஆய்வு செய்துவந்த அமைப்பிடம்தான் 2017இல் தீயணைப்புத் துறை ஆய்வும் ஒப்படைக்கப்பட்டது. தீயை எவ்வளவு திறம்படக் கையாள்கிறார்கள், பணத்தை எப்படிச் செலவிடுகிறார்கள், பணியாளரை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்து அறிக்கை வெளியிடுவார்கள். பீரோவை உடைத்துப் பார்க்கிற வேலை இல்லை.

அறிக்கையில் சிறப்பு, நன்று, போதுமானது, மேம்பாடு தேவை, போதாது என ஐந்து நிலைகள். ஒரே நிலையில் பல அமைப்புகள் நிற்கலாம். இதைத் 'தரநிலை' என்றால் முடிந்தது. கட்டுரையாளரோ 'தரவரிசை' என்று எழுதியிருந்தார். நானும் அப்படியே வாசித்துத் தொலைத்தேன்.

பெரியவர் இப்போது வலையிலிருந்து தலையைத் தூக்கினார்: "அப்படியென்றால் முதலிடம் எந்த ஊருக்கு?"