சீஃபேரர் வேறு, ஃபிஷர் வேறு: கையெழுத்துப் போடும் முன் பாருங்கள்

இந்த மாதமும் ஒரு தகப்பனார் வந்துவிட்டார். மகனுக்குக் கப்பல் வேலை என்று நகையை அடகு வைத்து ஏஜென்டிடம் பணம் கட்டியிருக்கிறார். பையனோ வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வலை இழுக்கிறான், சம்பளம் வந்து நாலு மாதமாகிறது. ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘சீமேன்’, உள்ளே வேலை என்ற கட்டத்தில் பொடியாக ‘ஃபிஷர்’, அதாவது மீன்பிடித் தொழிலாளி.

“எல்லாம் கடலுக்குப் போற வேலைதானே சார்?” என்றார். கடல்சார் வழக்குகள் பார்க்கும் எனக்கு இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு ஆற்றாமையாக இருக்கிறது.

எல்லாம் ஒன்றல்ல, பெயருக்குப் பெயர் பொருள் வேறு. செயிலர் என்றால் கடற்படையில் அதிகாரி அல்லாதவர். மாஸ்டர் மரைனர் என்றால் கேப்டன் சான்றிதழ் வாங்கியவர். 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் சீமேன் கணக்கில் கேப்டனைச் சேர்க்கவில்லை. சரி, இவை குழம்பினாலும் பெரிய நஷ்டமில்லை. குடும்பத்தைக் கவிழ்ப்பது கப்பல் ஊழியரான சீஃபேரர், மீன்பிடிக்கும் ஃபிஷர் குழப்பம்தான்.

எம்எல்சி எனப்படும் 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சீஃபேரருக்கானது. சமையல்காரரோ இன்ஜின் ரூம் ஆளோ, அது பொருந்தும் கப்பலில் எந்த வேலை பார்த்தாலும் அவர் சீஃபேரர். முதலாளி கைவிட்டு ஓடினால் நாலு மாதச் சம்பள பாக்கி வரைக்கும், ஊர் திரும்பும் செலவுக்கும் காப்பீடோ வேறு நிதி உத்தரவாதமோ இருக்க வேண்டும் என்பது 2017 முதல் அதில் விதி. ஆனால் மீன்பிடிக் கலங்களையும் தோவ் போன்ற மரபுக் கலங்களையும் அதே உடன்படிக்கை வெளிப்படையாக விலக்குகிறது. மீனவர்களுக்கென்று 2007இல் தனி உடன்படிக்கை வந்தது, இந்தியா அதில் சேரவில்லை. பையன் கையில் சிடிசி என்ற மாலுமிப் பணிப் பதிவேடு இருக்கிறதே, பேசிக் கோர்ஸ் எல்லாம் முடித்திருக்கிறானே என்பார்கள். இருக்கட்டும், ஏறிய கலம் மீன்பிடிப் படகாக இருந்தால் சிடிசி அவனைச் சீஃபேரர் ஆக்காது. எந்தக் கலம், என்ன வேலை என்பதைத்தான் சட்டம் பார்க்கும். மீன்பிடி வேலையைக் குறை சொல்லவில்லை, அதற்குப் போகிறோம் என்று தெரிந்தே போங்கள் என்கிறேன்.

தயவுசெய்து, பணம் கட்டும் முன் இதைச் செய்யுங்கள். ஏஜென்டிடம் ஆர்பிஎஸ்எல், அதாவது கப்பலுக்கு ஆள் எடுத்து அனுப்பும் உரிமத்தின் எண்ணைக் கேளுங்கள், கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். கப்பலின் பெயர், ஐஎம்ஓ எண் எனும் சர்வதேச அடையாள எண், எந்த நாட்டுக் கொடி, என்ன வேலை, எல்லாம் எழுத்தில் வரட்டும். சீஃபேரர் வேலைக்கு ஏஜென்ட் கமிஷன் வாங்கவே கூடாது. மருத்துவச் சான்று, சிடிசி, பாஸ்போர்ட் செலவு உங்களுடையது, விசா செலவு முதலாளியுடையது. லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே போய் மாட்டிக்கொண்டவர்கள் ஒப்பந்தம், படகின் பெயர், பதிவு எண், முதலாளியின் போன் எண், எல்லாவற்றையும் படம் எடுத்து இன்றைக்கே வீட்டுக்கு அனுப்புங்கள். அப்புறம் அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தால் அதையும் புகாரில் எழுதுங்கள்.