தொக்: குளூட்டனே இல்லாத அரிசி எப்படி இப்படி இழுபடுகிறது?

தொக் என்பது கொரியர்கள் அரிசியில் செய்யும் பலவகைப் பண்டங்களுக்குப் பொதுப்பெயர். சொல்லால் என்கிற புத்தாண்டுக்கு அதைச் சாய்வாக அரிந்து சூப்பில் போடுவார்கள், சுசொக் அறுவடைத் திருநாளுக்குப் பைன் ஊசியிலைகளின்மேல் பிறை வடிவில் அவிப்பார்கள். கோதுமை மாவை இழுபட வைக்கும் குளூட்டன் அரிசியில் துளியும் கிடையாது, ஆனாலும் தொக் இழுபடுகிறது.

எல்லாம் மாவுச்சத்தின் வேலை. அதில் இரண்டு வகை மூலக்கூறுகள்: நீளச் சங்கிலியான அமைலோஸ், கிளைகிளையாகப் படர்ந்த அமைலோபெக்டின். சாதாரணக் கொரிய அரிசியில் அமைலோஸ் சுமார் 15 முதல் 20 சதவீதம், ஒட்டரிசியில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

அரிசியை மணிக்கணக்கில் ஊறவைத்து, வடித்து, ஈரத்தோடு உப்புப் போட்டு அரைத்துச் சலிக்கிறார்கள். புட்டு மாவைப் போல உதிரியாக இருந்தால்தான் ஆவி மேலேறும். அடியில் ஓட்டைகள் உள்ள சிரு என்ற மண்பானையில் அதை நிரப்பி, சிருவுக்கும் கீழ்ப்பானைக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மாவு பூசி அடைப்பார்கள். 357-ஆம் ஆண்டைச் சேர்ந்த வட கொரியாவிலுள்ள ஆனாக் கல்லறைச் சுவரோவியத்திலேயே சமையலறையில் ஒரு பெண் சிருவில் அவித்துக்கொண்டிருக்கிறாள்! ஒட்டரிசி மாவென்றால் ஒரு சிக்கல் உண்டு, அடியில் வெந்த பகுதியே பசையாகி ஆவியை மறித்துவிடும். அதனால் மெல்லிசாகப் பரப்பி, அடுக்குக்கு அடுக்கு வேகவைத்து மசித்த சிவப்புப் பயறைத் தூவுகிறார்கள், ருசிக்காக மட்டுமில்லை, ஆவிக்கு வழிவிடவும்தான். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த நுட்பம் இது.

அப்புறம் இடிப்பது. இஞ்சொல்மி என்ற தொக்குக்கு, வெந்த ஒட்டரிசியைச் சூடாகப் பலகையில் கொட்டி மரச் சம்மட்டியால் ஓங்கி ஓங்கி இடிப்பார்கள், நடுநடுவே இன்னொருவர் ஈரக்கையால் மடித்துத் திருப்பிக்கொடுப்பார். வெந்து ஊதிப்போன மாவுமணிகள் இடியில் உடைந்து, அமைலோபெக்டின் வெளியே வந்து கிளையும் கிளையும் சிக்கிக்கொள்கின்றன. இழுபடும் தன்மை வருவது அங்கேதான். சோற்றுப்பருக்கையே தெரியாமல் ஒரே பிண்டமானதும் துண்டு போட்டு, வறுத்த சோயாப் பொடியில் புரட்டுவார்கள்.

சாதாரண அரிசியில் செய்யும் நீள உருளையான கரேதொக் வேறு மாதிரி. ஆறியதும் அமைலோஸ் சங்கிலிகள் சீக்கிரமே நெருங்கி அடுக்கிக்கொள்வதால் அது விறைத்துவிடும். கொரியர்கள் அதையும் பயன்படுத்திக்கொள்கிறார்கள்: சுடச்சுட வெட்டினால் கத்தியில் ஒட்டும் என்பதால், ஒரு நாள் இறுகவிட்டுத்தான் புத்தாண்டு சூப்புக்கு அரிகிறார்கள்.

மிச்சமான தொக்கை ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், இந்த இறுகல் 4 டிகிரி வாக்கில்தான் வேகமாக நடக்கும். அன்றைக்கே ஃப்ரீசரில் வைத்தால் மூலக்கூறுகள் நகரவே முடியாது. வேண்டும்போது எடுத்து ஆவி காட்டினால் போதும், மறுபடி இளகிவிடும்.