பிலிரூபின்: செம்பித்த நிறமி

தண்டையார்பேட்டையில் எந்த லேபில் எல்.எஃப்.டி. என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனை எடுத்தாலும் ரிப்போர்ட்டில் பிலிரூபினுக்கு மூன்று வரி: டோட்டல் (மொத்தம்), டைரக்ட் (கல்லீரல் கரையவைத்தது), இன்டைரக்ட் (இன்னும் கரையாதது). டோட்டல் 1.2-ஐத் தாண்டிவிட்டால் போதும், வீட்டில் யாராவது கீழாநெல்லி தேடக் கிளம்பிவிடுவார்கள். காமாலைக்கு இன்னொரு பெயர் என்றே இந்தச் சொல் நம்மிடம் பதிந்துவிட்டது.

பெயர் லத்தீனில் கட்டியது. ‘பிலிஸ்’ பித்தநீர், ‘ரூபர்’ சிவப்பு. 1864-இல் ஜெர்மன் வேதியியலாளர் ஸ்டேடலர் வைத்தார். மஞ்சளுக்கு எதற்குச் சிவப்புப் பெயர் என்றால், படிகமாகப் பிரித்தெடுக்கும்போது அது செம்மஞ்சள். உடம்பில் பரவும்போதுதான் மஞ்சள். இதற்கு முந்தைய நிலை பிலிவெர்டின், பச்சை நிறம். பாடநூல்கள் இரண்டையும் சேர்த்துப் ‘பித்த நிறமிகள்’ என்கின்றன. பிரித்துச் சொல்ல வேண்டுமானால் செம்பித்த நிறமி, பசும்பித்த நிறமி என்பதே என் தெரிவு. வெறும் ‘மஞ்சள் நிறமி’ போதாது. கேரட்டில் இருப்பதும் அந்த வகைதானே. லேபில் மட்டும் பிலிரூபின் என்றே கேளுங்கள்.

காசிமேட்டில் மீன் பெட்டி இறக்கும்போது காலில் இடித்துக்கொண்டவரின் கெண்டைக்காலைப் பார்த்தால் இந்த இரண்டு நிறமியும் கண்ணுக்கே தெரியும். முதலில் கருநீலமாகக் கன்றும். சில நாளில் ஓரம் பச்சையாகும், பிறகு மஞ்சளாகி மறையும். கசிந்த ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீமை, விழுங்கணுக்களில் இருக்கும் ஹீம் ஆக்சிஜனேஸ் என்ற நொதி உடைத்துப் பச்சையாக்குகிறது. இன்னொரு நொதி பச்சையைச் செம்பித்தமாக்குகிறது. சுமார் 120 நாள் ஓடி முடித்த சிவப்பணுக்களுக்கும் மண்ணீரலில் இதே கதிதான். ஒரு நாளைக்கு 250 முதல் 300 மில்லிகிராம் வரை இப்படி உண்டாகிறது.

பச்சை நிறமி நீரில் கரையும், எளிதில் வெளியேறும். பறவைகள் பெரும்பாலும் அதோடு நிறுத்திக்கொள்கின்றன. நாமோ ஆற்றலைச் செலவழித்து அதை நீரில் கரையாத ஒன்றாக மாற்றி, பிறகு அதைக் கரைக்கக் கல்லீரலை வேலை வாங்குகிறோம். வெறும் கழிவுக்கு இத்தனை பாடா? 1987-இல் ஸ்டாக்கர் குழுவினர் சயன்ஸ் இதழில் ஒரு விடை சொன்னார்கள்: செம்பித்த நிறமி வலுவான ஆக்சிஜனேற்றத் தடுப்பி (ஆன்டிஆக்சிடன்ட்). அழற்சி கிளம்பும் இடத்தில் ஹீம் ஆக்சிஜனேஸ் கூடுகிறது. நிறமியோ, வெள்ளணுக்கள் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு திசுவுக்குள் புகுவதைத் தடுக்கிறது, டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் பெருகுவதையும் மட்டுப்படுத்துகிறது. இவை பெரும்பாலும் எலிகளிலும் ஆய்வகச் செல்களிலும் கண்டவை என்பதை மறக்க வேண்டாம்.

மனிதரில் ஒரு பழைய தடயம் உண்டு. முடக்குவாத நோயாளிகளுக்குக் காமாலை வந்தால் மூட்டுவலி தணிவதை அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மருத்துவர் பிலிப் ஹென்ச் 1929 முதல் கவனித்துவந்தார். தேடல் கார்ட்டிசோன் என்ற அழற்சி தணிக்கும் ஹார்மோனில் போய் நின்றது, 1950-இல் நோபல் பரிசும் கிடைத்தது.

சித்த மருத்துவத்தில் வளி, அழல், ஐயம் என்ற மூன்றில் அழல்தான் பித்தம். ‘இன்ஃப்ளமேஷன்’ என்பதற்கு நாம் சொல்லும் அழற்சியும் அதே அழலிலிருந்து வந்ததே. தீ மூட்டும் என்று சொல் காட்டுகிற இடத்தில், தணிக்கும் என்கிறது ஆய்வு. (சித்தர் சொன்ன பித்தமும் பித்தநீரும் ஒன்றல்ல, வைத்தியர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.)

இதை நம்பிக் காமாலையை வளரவிடக் கூடாது. பிறந்த குழந்தையின் ரத்தத்தில் அளவு மிகுந்தால் மூளைக்கே சேதம், ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற பிரசவ ஆஸ்பத்திரிகளில் நீல விளக்கடியில் குழந்தைகளைப் படுக்கவைப்பது அதனால்தான். கில்பர்ட் நோய்க்குறி உள்ளவர்களின் கதை வேறு. அவர்களுக்குப் பிறவியிலேயே இன்டைரக்ட் கொஞ்சம் கூடுதல். பட்டினி கிடந்தாலோ காய்ச்சல் வந்தாலோ இன்னும் ஏறும். இதயநோய் இவர்களிடம் குறைவாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. மற்ற அளவுகள் சரியாக இருந்தால் டாக்டர் மருந்து எழுதாமலே அனுப்பிவிடுவார்.