புல்தரையை எடுத்தால் தண்ணீர் எங்கே மிச்சமாகிறது?

வீட்டு முன்புறப் புல்தரைக்குத் தண்ணீர் ஊற்றி மாளவில்லை என்பவர்கள் புல்லைத்தான் குறை சொல்வார்கள். உண்மையில் பாதிப் பழி புல்வெட்டும் இயந்திரத்துக்கு. ஒட்ட வெட்ட வெட்ட, இலையை மறுபடி வளர்ப்பதிலேயே புல்லின் மாவுச்சத்து செலவாகிவிடுகிறது. வேருக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். கூடவே தினமும் மேலாக நனைத்தால் வேர்களில் பெரும்பகுதி மேல் 15 செ.மீ. மண்ணிலேயே தங்கிவிடும். வெயிலில் முதலில் காய்வதும் அந்த மண்தான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. நீர் என்பது 1 லிட்டர். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1998-இல் வெளியிட்ட கணக்குமுறை, 12 செ.மீ. உயரத்தில், தண்ணீர்க் குறையில்லாமல் வளரும் புல்லை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறது. கடும் வெயிலில் அந்தப் புல் நாளுக்கு 5 மி.மீ. இழக்கிறது என்று வைத்துக்கொண்டால், 50 சதுர மீட்டருக்கு 250 லிட்டர். வெப்பம் தாங்கும் புல்வகைகளுக்கு அதில் சுமார் 60 சதவீதம், அதாவது 150 லிட்டர் போதும். வறட்சி தாங்கும் செடிகளுக்கு 10 முதல் 30 சதவீதம். 30 என்றே எடுத்தாலும் 75 லிட்டர்தான்.

அவை எப்படிச் சமாளிக்கின்றன? செடி உறிஞ்சும் நீரில் 95 சதவீதத்துக்கும் மேல் இலைத்துளைகள் வழியே ஆவியாகிவிடுகிறது. கார்பன் டை ஆக்சைடு உள்ளே வரத் துளை திறந்தாக வேண்டும். திறந்தால் நீர் வெளியேறும். சோற்றுக்கற்றாழையும் சப்பாத்திக்கள்ளியும் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. காற்று குளிர்ந்த இரவில் துளைகளைத் திறந்து, வாங்கிய கார்பனை மாலிக் அமிலம் என்ற புளிப்புப் பொருளாகச் சேர்த்து வைக்கின்றன. பகலில் துளைகளை மூடிக்கொண்டு, அந்தச் சேமிப்பை வைத்து உணவு தயாரிக்கின்றன. ரணகள்ளி இலை காலையில் புளிப்பதையும் நண்பகலில் அந்தப் புளிப்பு மறைந்துவிடுவதையும், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவரவியலாளர் மென்று பார்த்துப் பதிவு செய்திருக்கிறார். காரணம் புரிய வெகுகாலம் ஆனது.

மீதி வேலை மண்ணில். பழைய புல்லைக் கொல்ல, கோடையில் மண்ணை நனைத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை 4 முதல் 6 வாரம் இறுக்கி மூடினால் போதும். செடிகளை நட்டபின் மரச்சிராயோ காய்ந்த இலையோ 5 முதல் 8 செ.மீ. மூடாக்கு. நண்பகலில் அதை விலக்கி விரலை விட்டுப் பாருங்கள்: மேலே சருகு சூடாக இருக்கும், கீழே மண் ஈரமாக, குளுமையாக இருக்கும். வெயிலும் காற்றும் நேரடியாகப் படாததால் மண்ணின் ஈரம் எளிதில் ஆவியாவதில்லை.

சிலர் முற்றம் முழுக்கச் சரளைக்கல் கொட்டிவிடுகிறார்கள். தண்ணீர் மிச்சம்தான், ஆனால் பகலில் வாங்கிய வெப்பத்தைக் கல் அந்தி சாய்ந்த பிறகும் விட்டுக்கொண்டே இருக்கும். எனக்கு இது கொஞ்சமும் பிடிக்காத வழி. அதைவிட முற்றத்துக்கு அழகாக ஒரு மரம் வையுங்கள். மரமும் தண்ணீர் குடிக்கும், சரி. ஆனால் அது ஆவியாக்கும் ஒவ்வொரு 100 லிட்டரும் கிட்டத்தட்ட 68 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. நிழல் விழும் இடத்தில் உள்ள செடிகளின் தாகமும் குறையும்.

மரம் நடும் குழி, கன்றின் வேரைச் சுற்றியிருக்கும் மண்கட்டியைவிட இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருக்கட்டும். ஆழம் மட்டும் கட்டியின் உயரத்தைத் தாண்ட வேண்டாம். தண்டு விரிந்து வேராகும் இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். புதைந்தால் பட்டை அழுகும். மூடாக்கையும் அங்கிருந்து தள்ளியே போடுங்கள்.

மரத்தின் வேர்களில் பெரும்பாலானவை மேல் 60 செ.மீ. மண்ணில், கிளைகளின் விளிம்பையும் தாண்டிப் பரவுகின்றன. அதனால் வளர்ந்த மரத்துக்கு அடித்தண்டில் ஊற்றும் நீர் பெரும்பாலும் வீண். நட்ட புதிதில் வேர் மண்கட்டியை ஒட்டிச் சொட்டுநீர்க் குழாயைச் சுற்றிவிடுங்கள். வேர் பிடித்ததும் பாய்ச்சும் நாட்களைத் தள்ளித் தள்ளி, ஒவ்வொரு முறையும் நீர் ஆழமாக இறங்கும்வரை விடுங்கள். அப்புறம், கிளை விரிய விரியக் குழாய் வளையத்தையும் வெளியே நகர்த்திக்கொண்டே போங்கள்.