தொகைவிரி: ‘டெக்ஸ்ட் எக்ஸ்பாண்டர்’ தமிழில் என்ன?

ஒரே முகவரியையும் ஒரே ‘தங்கள் கடிதம் கிடைத்தது’ வரியையும் நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இந்தக் கருவியைத் தெரிந்திருக்கும். ‘;முக’ என்று அடித்தால் போதும், முழு முகவரியும் வந்து விழும். விண்டோஸில் ஆட்டோஹாட்கீ, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிற எஸ்பான்சோ, கைப்பேசி விசைப்பலகையின் அமைப்புகளுக்குள் ஒளிந்திருக்கும் சொந்த அகராதி, எல்லாம் செய்வது இதே வேலைதான். ஆங்கிலத்தில் டெக்ஸ்ட் எக்ஸ்பாண்டர். தமிழில்? ‘உரை விரிவாக்கி’ என்கிறார்கள். எனக்கு அது ஒட்டவே இல்லை.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். எக்ஸ்பாண்ட் லத்தீனிலிருந்து வந்தது, மடித்து வைத்ததை வெளியே பரப்புவது என்பது அதன் அடிப்பொருள். டெக்ஸ்டும் லத்தீன்தான், வேர் நெய்தலைக் குறிப்பது. (நூல் என்ற சொல்லை வைத்து நாமும் இதையேதான் செய்திருக்கிறோம், இழையும் அதுதான், புத்தகமும் அதுதான்.) ஆக, மடித்த துணியை உதறி விரிப்பது போன்ற படம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

‘விரிவாக்கம்’ என்றதும் நமக்கு அந்தப் படமா வருகிறது? சாலை விரிவாக்கம், அமைச்சரவை விரிவாக்கம் என்று இல்லாததைப் புதிதாகச் சேர்க்கிற வேலைதான் வருகிறது. கருவியோ எதையும் புதிதாகச் சேர்ப்பதில்லை, நாம் முன்பே சொல்லி வைத்ததை வெளியே எடுத்துப் போடுகிறது, அவ்வளவுதான். ‘உரை’ இன்னும் வம்பு. பேச்சும் உரை, ஒரு நூலுக்கு எழுதும் விளக்கமும் உரை. உரையை விரிவாக்குவது என்றால் இலக்கணம் படித்தவருக்கு விருத்தியுரைதான் ஞாபகம் வரும். சரி, ‘விரிப்பான்’ என்று மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்றால், பக்கத்திலேயே படுக்கை விரிப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதற்குச் சரியான சொல் பள்ளி இலக்கண வகுப்பிலேயே நமக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். ‘பால் குடித்தான்’ என்றால் தொகை, ‘பாலைக் குடித்தான்’ என்றால் விரி. ‘ஐ’ என்ற உருபு மறைந்து நிற்கிறது, கேட்பவர் மனத்தில் அது தானாக விரிந்துவிடுகிறது. மறைந்து நிற்பது தொகை, வெளிப்படுவது விரி. கருவி செய்வதும் இதுதான், மனம் செய்த வேலையை இங்கே கணினி செய்கிறது. நாம் அடிக்கும் சுருக்கத்தை ஆங்கிலத்தில் ட்ரிகர் என்பார்களே, டச்சு மொழியில் இழுப்பதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்து துப்பாக்கி விசைக்குப் பெயரானது, அதைத் தமிழில் ‘தூண்டி’, ‘விசை’ என்றெல்லாம் பெயர்ப்பதைவிடத் தொகை என்றே சொல்லலாம். அதற்குப் பதிலாக வந்து விழுவது விரி.

பெயர் பொருந்துவதோடு முடியவில்லை, கருவியை அமைக்கும்போது வரும் சிக்கல்கள்கூட இலக்கணத்தில் இருக்கின்றன. ‘புலி கொல் யானை’ என்று ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? தொகை ஒன்று, விரி இரண்டு. நான் ஒருமுறை ‘நன்’ என்பதற்கு ‘நன்றி, வணக்கம்’ என்று விரி கொடுத்துவிட்டு, பிறகு ‘நன்னூல்’ என்று அடிக்கப் போனால் ‘நன்றி, வணக்கம்னூல்’ என்று வந்து நின்றது. தவறு கருவியுடையது அல்ல, மயங்கும் தொகையை வைத்தது நான். இதற்குத்தான் தொகையின் முன்னால் அரைப்புள்ளியோ முக்காற்புள்ளியோ போடச் சொல்கிறார்கள், எந்தத் தமிழ்ச் சொல்லும் அப்படித் தொடங்காது. இல்லையென்றால் தொகை தனிச்சொல்லாக நின்றால் மட்டுமே விரியும்படி அமைக்கலாம், எஸ்பான்சோவில் அதற்கு ஒரு வரி சேர்த்தால் போதும். ஆட்டோஹாட்கீ வழக்கமாகவே இடைவெளியோ நிறுத்தக்குறியோ வரும்வரை காத்திருக்கும், உடனே விரிய வேண்டுமென்றால்தான் நட்சத்திரக் குறி போட வேண்டும்.

அப்புறம் ‘பால் குடம்’. இதில் உருபு மட்டும் மறையவில்லை, ‘பாலைக் கொண்ட குடம்’ என்பதில் ‘கொண்ட’ என்ற சொல்லும் சேர்ந்து மறைந்திருக்கிறது. உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று நீளமாக மனப்பாடம் செய்தோமே, அதுதான். கருவியிலும் இரண்டு வகை உண்டு. முகவரி போல எப்போதும் ஒரே மாதிரி விரிவது ஒன்று. இன்றைய தேதி, கொஞ்சம் முன்பு நகலெடுத்த வரி என்று அந்த நேரத்துக்கு ஏற்றதை உள்ளே நிரப்பிக்கொண்டு விரிவது இன்னொன்று. எஸ்பான்சோவின் அமைப்புக் கோப்பு யாமல் (YAML) என்ற எழுத்து வடிவில் இருக்கும், அங்கே தேதிக்கு ஒரு ‘மாறி’ (வேரியபிள்) எழுதி விரிக்குள் வைத்துவிட்டால் அடிக்கிற அன்றைய தேதியே வரும். ஒரு எச்சரிக்கை: யாமலில் வரிகளை உள்ளே தள்ள இடைவெளிதான் போட வேண்டும், டேப் விசையைத் தட்டி தள்ளினால் கோப்பு படிக்கப்படாது.

இப்படிச் சேமித்து வைக்கும் சிறு பகுதியை ஸ்னிப்பெட் என்பார்கள், அதற்குத் தமிழ் தேடவே வேண்டாம். கத்தரிப்பதிலிருந்து வந்த சொல் அது, நம்மிடம் துணுக்கு இருக்கிறது. துணித்தல் என்றால் வெட்டுதல், துணியும் துண்டும் துணுக்கும் ஒரே குடும்பம். கான்ஃபிகர், கஸ்டமைஸ் இரண்டையும் ‘உள்ளமைவு’, ‘தனிப்பயனாக்கம்’ என்று எழுதுவதைவிட ‘அமைத்தல்’, ‘நம் கைக்கு ஏற்ப மாற்றுதல்’ என்றால் எல்லோருக்கும் புரியும்.

தொகை என்றால் பணம் என்றல்லவா நினைப்பார்கள் என்று கேட்கலாம். நியாயம்தான். பட்டியலில் ‘தொகை’ என்று தனியாகப் போட்டால் எவ்வளவு என்றுதான் கேட்கத் தோன்றும். ‘தொகைச்சொல்’ என்று போட்டால் அந்தக் குழப்பம் இல்லை.

தொகைச்சொல்லைத் தமிழிலேயே வைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘கு’ நம் கண்ணுக்கு ஓர் எழுத்து, ஒருங்குறியில் (யூனிகோடில்) ‘க’வும் உகரக் குறியுமாக இரண்டு. ‘கொ’வை இரண்டாகவும் சேமிக்கலாம், மூன்றாகவும் சேமிக்கலாம், திரையில் வேறுபாடு தெரியாது. கருவி முதலில் நாம் அடித்த தொகையைப் பின்னழிப்பு விசையால் அழித்துவிட்டுத்தான் விரியைப் போடுகிறது. அது எண்ணுவது குறியீடுகளை, சில செயலிகள் அழிப்பதோ முழு எழுத்தை, அதனால் முன்னால் இருந்த இடைவெளியோ எழுத்தோ சேர்ந்து காணாமல் போகலாம். குறி ஏறாத எழுத்துகளாக, ‘;மப’, ‘;கடத’ என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

இப்படிச் சுருக்கி எழுதுவது நமக்குப் புதிதும் அல்ல. ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௸ மேற்படி. பழைய பத்திரங்களிலும் கணக்கேடுகளிலும் எழுதியவர் ஒரு குறியைப் போட்டார், படித்தவர் வாய் அதை முழுச்சொல்லாக விரித்தது. 2003இல் ஒருங்குறியின் 4.0 பதிப்பிலேயே இவை சேர்ந்துவிட்டன, ஆனால் பல விசைப்பலகைகளில் கிடையாது. நான் ‘;மப’ என்று அடித்து ௸ வரவழைக்கிறேன். மூன்று அடித்தால் ஒன்று வருகிறது, அதாவது விரிக்கும் கருவி இங்கே தொகுக்கிறது. தொல்காப்பிய மரபியல் வழிநூல், அதாவது முந்தைய நூலைப் பின்பற்றி எழுதும் நூல், செய்யும் வகைகளைச் சொல்லும்போது ‘தொகுத்தல் விரித்தல் தொகைவிரி மொழிபெயர்த்து’ என்கிறது. அங்கே பேச்சு நூல்களைப் பற்றியதுதான், ஆனால் தொகுப்பதும் விரிப்பதும் ஒன்றிலேயே நடப்பதற்கு ‘தொகைவிரி’ என்று பெயர் இருக்கிறது. இந்தக் கருவிக்கு நான் அதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.