இழுத்தால் அடுக்களை

ஏற்காட்டில் ஒரு காலை. அடுப்பில் ஏற்றிய தோசைக்கல்லில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டேன். அது நடுவில் நிற்கவில்லை. மெல்ல நகர்ந்து, கல்லின் வெளி விளிம்பில் பிறை போல ஒதுங்கிக்கொண்டது. மாவை ஊற்றினேன்; ஒரு பக்கம் ஊத்தப்பம், மறு பக்கம் காகிதம். வண்டி சமதரையில்தான் நின்றது, ரசமட்டம் வைத்துப் பார்த்தே நிறுத்தியிருந்தோம். சாய்ந்திருந்தது வண்டியல்ல, அதிலிருந்து வெளியே இழுத்துவிட்டிருந்த அடுக்களை. 60 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. ஒன்றரை டிகிரிகூட இல்லாத சாய்வு. கண்ணுக்குத் தெரியாததை எண்ணெய் காட்டிக்கொடுத்துவிட்டது.

பிக்கப் வண்டியின் சுமைப் பகுதியில் ஒரு பெட்டி வீட்டை ஏற்றி வைத்துக்கொண்டு ஊர் சுற்றுவது அமெரிக்காவில் பழைய வழக்கம். அதில் ஒரு வகைக்குக் கூரை மேலெழும்பும். ஓடும்போது கூரை படுத்திருக்கும். நிறுத்தியபின் தூக்கிவிட்டால் நடுவில் கித்தான் சுவர் விரியும், உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். பாரம் தாழ்வாக இருப்பதால் வளைவுகளில் வண்டி குறைவாக ஆடும், காற்றின் எதிர்ப்பும் குறையும். மலைப்பாதைக்கு ஏற்ற அமைப்பு. என் மைத்துனருடன் சேர்ந்து சேலத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் அப்படி ஒன்றைக் கட்டினோம். அடிச்சட்டத்தைத் தொடவில்லை. தொட்டால், வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே வரும். தொடங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

சமையலை ஏன் வெளியே வைக்க வேண்டும்? கித்தானுக்குப் பக்கத்தில் தீ கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத காரணம் தண்ணீர். ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ நீராவி உண்டாகிறது. எரிவாயுவில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் எரிந்த எடையைவிட வந்த நீரின் எடை கூடுதல். சோறு கொதிக்கும் ஆவி இதற்கு மேல். மார்கழிக் குளிரில் அது முழுவதும் கித்தானின் உள்பக்கம் முத்து முத்தாகப் படிந்து, இரவில் நம் போர்வைமேல் சொட்டும். மூடிய சிறு அறையில் கார்பன் மோனாக்சைடு ஆபத்து வேறு. ஆகவே அடுக்களை வெளியே வரட்டும், படுக்கை உள்ளே இருக்கட்டும்.

இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க வரைபடங்களில் அடுக்களை பெரும்பாலும் வண்டியின் வலப்பக்கம் திறக்கும். அங்கே அதுதான் சாலையோரம். அப்படியே நகலெடுத்தால் இங்கே நாம் பஸ் வரும் பக்கம் நின்று வெங்காயம் நறுக்க வேண்டியிருக்கும். கண்ணாடியில் பார்ப்பதுபோல் வரைபடத்தைத் திருப்பி இடப்பக்கம் வைத்தோம்.

எங்கள் அடுக்களை, வண்டியிலிருந்து இழுத்துத் திறக்கும் ஒரு பெரிய டிராயர். அதன் பெட்டி 12 மில்லிமீட்டர் பிளைவுட். நீர் தாங்கும் ரகமாக இருக்க வேண்டும். ஏற்காட்டு மூடுபனியில் சாதாரணப் பலகை ஊதிப்போய், டிராயர் பாதியில் இறுகி நிற்கும். மேல்தளம் ஒரு மில்லிமீட்டர் எவர்சில்வர் தகடு. இரும்பாலை இருக்கும் ஊரில் அதைப் பற்றிப் பாடம் நடத்துவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. அடுப்பு, குக்கர், வார்ப்பிரும்புத் தோசைக்கல், அரிசி, எண்ணெய் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 40 கிலோ. நகர்வதற்கு, அலமாரி டிராயர்களுக்குத் தச்சர்கள் போடும் டெலஸ்கோப்பிக் சேனல் ஒரு ஜோடி. அதன் அட்டையில் 45 கிலோ தாங்கும் என்று போட்டிருந்தது. 40 தானே, தாங்கிவிடும் என்று நினைத்தோம்.

சேனலைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று தகட்டுத் தடங்கள். வெளித்தடம் வண்டியோடு, உள்தடம் டிராயரோடு. நடுத்தடம் இரண்டுக்கும் இடையே மிதக்கும். தடங்களுக்கு நடுவில் வரிசையாகச் சிறு எஃகுக் குண்டுகள். முழுக்க இழுத்ததும் நடுத்தடத்தின் பின்பகுதி மட்டும், சுமார் 20 சென்டிமீட்டர், வெளித்தடத்துக்குள் மிஞ்சியிருக்கும். வெளியே நிற்கும் 60 சென்டிமீட்டரையும் பிடித்திருப்பது அந்த 20தான்.

இப்போது கணக்கு. டிராயரின் எடை அதன் நடுவில், அதாவது வண்டி வாயிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, இறங்குகிறது. திருப்புத்திறன், அதாவது எடையைத் தூரத்தால் பெருக்கியது, 40 × 30 = 1,200. உள்ளே மிஞ்சிய 20 சென்டிமீட்டரின் பின்முனை அதைச் சமாளிக்க வேண்டும்: 1,200 ÷ 20 = 60. ஆக, பின்முனைக் குண்டுகள் தடத்தைக் கீழே போகவிடாமல் அல்ல, மேலே எழும்பவிடாமல் 60 கிலோ விசையோடு அழுத்திப் பிடிக்கின்றன. வாயருகே உள்ள குண்டுகளோ டிராயரின் 40, பின்முனையின் 60 இரண்டையும் சேர்த்து 100 கிலோவைச் சுமக்கின்றன. நாங்கள் வைத்தது 40. குண்டுகள் கண்டது 100. இதில் இட்லிப் பானையில் தண்ணீர் நிரப்பி வெளி முனையில் வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். அட்டையில் இருந்த எண் பொய்யில்லை. அது ஆடாத வீட்டு அலமாரிக்கு, பாரம் சீராகப் பரவியிருக்கும் நிலைக்குச் சொன்னது. மலைப்பாதையில் குலுங்கி வந்த வண்டிக்குச் சொன்னதல்ல.

குண்டு தடத்தைத் தொடும் இடம் ஒரு புள்ளி அளவுதான். அவ்வளவு சிறு இடத்தில் இவ்வளவு அழுத்தம் விழுந்தால் மென்மையான தகடு குழிகிறது. ஓடும் வண்டியில், டிராயர் மூடியிருக்கும்போதும், குண்டுகள் ஒரே இடத்தில் நின்றபடி ஒவ்வொரு பள்ளத்துக்கும் தட்டிக்கொண்டே இருக்கும். சேனலைக் கழற்றிப் பார்த்தபோது தடத்தில் அம்மைத் தழும்பு போல வரிசையாகக் குழிகள். ஒவ்வொரு குழியும் மயிரிழை ஆழம்தான். ஆனால் 20 சென்டிமீட்டரில் ஏற்பட்ட தளர்வு, வெளியே 60 சென்டிமீட்டர் தள்ளி மூன்று மடங்காகத் தெரியும். நெம்புகோல் விசையைப் பெருக்குவது போலவே தப்பையும் பெருக்கும்.

சட்டம் வளைவது இன்னொரு சங்கதி. பள்ளிக்கூட ஸ்கேலைப் படுக்கையாக நீட்டி நுனியை அழுத்தினால் வளைகிறது. செங்குத்தாக நிறுத்தி அழுத்தினால் அசைவதில்லை. விறைப்பு, உயரத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதே காரணம். 25 மில்லிமீட்டர் அகலமும் 5 மில்லிமீட்டர் கனமும் உள்ள இரும்புப் பட்டையைப் படுக்க வைப்பதைவிட நிறுத்தி வைத்தால் உயரம் ஐந்து மடங்காவதால் விறைப்பு 5 × 5 × 5 = 125 மடங்கு; அகலம் ஐந்தில் ஒன்றாவதால் மிஞ்சுவது 25 மடங்கு. அதே பட்டை, அதே எடை, அதே விலை. டிராயரின் அடியில் பட்டைகளை நிறுத்திப் பற்றவைத்தோம்.

கனமான சேனல்களும் கிடைக்கின்றன, 200 கிலோவுக்கு மேல் தாங்கும் என்று போட்டு. அவற்றின் விலையைக் கேட்டதும் மைத்துனர் பேச்சை மாற்றினார். அடுத்த யோசனை, வெளி முனைக்கு ஒரு மடக்குக் கால். இதற்கு நல்ல பூர்வீகம் உண்டு. 1866இல் டெக்சாஸில் மாடு ஓட்டிப் போகும் கூட்டத்துக்காகச் சார்லஸ் குட்நைட் ஒரு ராணுவ வண்டியைச் சமையல் வண்டியாக மாற்றினார். அதன் பின்பக்கப் பெட்டியின் கதவு கீழே சாய்ந்து மேசையாகும். தாங்குவதற்கு ஒரு கால். இரு முனையும் தாங்கப்பட்டுவிட்டால் சட்டம் வளைவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். குண்டுகளின் பாடும் தீர்ந்தது: 20 கிலோ காலுக்கு, 20 கிலோ வண்டிக்கு.

கால் போட்டபின் தோசை வட்டமாக வந்தது, தூறல் விழும்வரை. தூறல் விழுந்ததும் இருவரும் உள்ளே ஏறி உட்கார்ந்தோம். வெளியே ‘ணங்’ என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் இந்தத் தடவை எண்ணெய் வண்டிப் பக்கமாக ஓடியிருக்கிறது. நாங்கள் ஏறியதும் ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கி வண்டியின் உடல் ஒரு சென்டிமீட்டராவது கீழே போயிருக்கும். கால் தரையில் ஊன்றியிருக்கிறது, அது எங்கே போகும்? வண்டி இறங்க, கால் ஜாக்கியைப் போல டிராயரின் வெளி முனையை நெம்பிவிட்டது. சேனலில் குண்டுகளை வரிசையாகப் பிடித்திருக்கும் கூடு நசுங்கிவிட்டது. ஒரு முனை ஸ்பிரிங்கின்மேலும் மறு முனை மண்ணின்மேலும் இருக்கும் பலகை, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால்தான்.

தீர்வு சொன்னவர் பட்டறைக்கார அண்ணன். “தம்பி, தட்டுவடைக்காரர் பலகைக்குக் கால் எங்கே இருக்கிறது, போய்ப் பாருங்கள்” என்றார். சேலத்தில் மாலை நேரத்தில் தட்டுவடை செட், அதாவது இரண்டு தட்டைகளுக்கு நடுவே சட்னியும் துருவிய காயும் வைத்தது, தின்றவர்களுக்கு அந்தத் தள்ளுவண்டி தெரியும். அன்று நான் சட்னியைக் கவனிக்கவில்லை. வண்டியின் முன்புறம் மடித்திருந்த பலகையை அவர் கீழே சாய்த்தார். இரு முனையிலும் சங்கிலி. மேல் சட்டத்திலிருந்து சரிந்து வந்து பலகையின் வெளி விளிம்பைப் பிடித்துக்கொண்டது. துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் நிறைந்த பாத்திரங்கள் அதன்மேல் வரிசையாக ஏறின. சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் பலகை வண்டியோடுதான் இறங்கும். தரையோடு அதற்கு எந்த வழக்கும் இல்லை.

எங்கள் வண்டியில் கித்தான் தொடங்கும் இடத்துக்குக் கீழே ஒரு இரும்புச் சட்டம் ஓடுகிறது, டிராயர் மட்டத்திலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில். அங்கிருந்து டிராயர் முனைக்குச் சங்கிலி போட்டால் 45 டிகிரிச் சரிவு. முனை சுமக்க வேண்டியது 20 கிலோ. சரிவாக இழுப்பதால் சங்கிலியில் 28 கிலோ இழுவிசை, ஒவ்வொரு சங்கிலிக்கும் 14. கொக்கியைத் தாழ்த்தி 30 டிகிரியாக்கினால் அதே 20 கிலோவுக்கு இழுவிசை 40 ஆகிவிடும். கொக்கி எவ்வளவு உயரமோ அவ்வளவு நிம்மதி. நீளத்தைத் திருகிச் சரிசெய்யச் சங்கிலிக்கு ஒரு டர்ன் பக்கிள்.

ஒன்றை மட்டும் நாங்கள் யோசிக்கவில்லை. சரிந்த சங்கிலி மேலே மட்டும் தூக்குவதில்லை, உள்ளேயும் இழுக்கிறது. 45 டிகிரியில் அந்த உள்ளிழுப்பும் 20 கிலோ. தட்டுவடைக்காரர் பலகை கீலில் தொங்குவதால் அவருக்குக் கவலையில்லை. எங்கள் டிராயரோ வழுக்கும் குண்டுகளின்மேல் இருக்கிறது. கொதிக்கும் சாம்பாரோடு தானே வீட்டுக்குள் போகப் பார்த்தது. ஆகவே திறந்த நிலையில் பூட்டுவதற்கும் ஒரு ஊசித் தாழ்ப்பாள் போட்டோம். இப்போது சங்கிலி தூக்குகிறது, தாழ்ப்பாள் தடுக்கிறது, சேனல் வாயருகே மிச்ச 20 கிலோவைத் தாங்கி வழிகாட்டுகிறது. அதற்குத் தெரிந்த வேலை அவ்வளவுதான்.

சிலிண்டரை டிராயரில் ஏற்றவில்லை. எரிவாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் தண்ணீர்போலத் தாழ்வான மூலையில் தேங்கும். காற்றில் நூற்றில் இரண்டு பங்கு சேர்ந்தாலே தீப்பிடிக்கப் போதும். அதனால் 5 கிலோ சிலிண்டருக்கு வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் தனி அறை, அதன் தரையில் ஓட்டைகள். சமைக்கும்போது எடுத்துத் தரையில் நிமிர்த்தி வைக்கிறோம். சாய்த்தால் ஆவிக்குப் பதில் திரவமே குழாய்க்குள் போகும்; திரவம் ஆவியானால் சுமார் 250 மடங்கு விரியும், ரெகுலேட்டர் அதற்குச் செய்யப்பட்டதல்ல. சிலிண்டர் தரையில் இருப்பதால் டியூபும் டிராயரோடு இழுபட்டு நசுங்காது.

உயரமும் அடுக்களை அமைப்பில் தலையிடும். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1,500. காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் சேலத்தில் 99 டிகிரியிலும் ஏற்காட்டில் 95இலும் கொதிக்கிறது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகிற பாடு சொல்லி மாளாது. குக்கரின் வெயிட், வெளிக்காற்றுக்கு மேல் இன்னொரு மடங்கு அழுத்தத்தைக் கட்டிவைப்பதால் உள்ளே சேலத்தில் 120, ஏற்காட்டில் 118. இரண்டே டிகிரி வித்தியாசம். அதனால் குக்கர் நிற்கும் உயரத்துக்கு டிராயரின் ஆழத்தை வைத்தோம், வேறெந்தப் பாத்திரத்தையும் கணக்கில் எடுக்கவில்லை. 20 லிட்டர் தண்ணீர் கேன் டிராயரில் கிடையாது. அது உள்ளே, அச்சுக்குப் பக்கத்தில், தரையோடு.

கடைசியாக, மூடிய நிலையில் பிடிக்கும் தாழ்ப்பாள். முதலில் அலமாரிக் காந்தம்தான் போட்டிருந்தோம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். 12 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், வண்டியில் உள்ள ஒவ்வொரு பொருளும் தன் எடையில் கால் பங்கு விசையோடு வெளிப்பக்கம் தள்ளும். 40 கிலோ டிராயருக்கு 10 கிலோ. குண்டுகளில் உராய்வு அநேகமாக இல்லை. வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம் இடப்பக்க டிராயர் வெளியே வரத் துடிக்கும். ஏறும்போது இடத்திருப்பமாக இருந்த வளைவு இறங்கும்போது வலத்திருப்பம். ஆகவே போய்த் திரும்பினால் எந்த வளைவும் தப்பாமல் சரியாக 20 இழுப்பு. காந்தம் ஐந்தாவது வளைவில் விட்டுக்கொடுத்தது. நல்லவேளை, இடப்பக்கம் மலைச்சுவர்தான் இருந்தது, இருசக்கர வண்டி எதுவும் இல்லை. கரண்டிகள் ரோட்டில் உருண்டதோடு போயிற்று.

இப்போது இருப்பது, முதலில் மேலே தூக்கிப் பிறகு இழுத்தால்தான் திறக்கும் எஃகுத் தாழ்ப்பாள். வளைவு பக்கவாட்டில் தள்ளும், பள்ளம் மேலே தூக்கும். இரண்டும் ஒரே நொடியில் வந்தால் திறந்துவிடுமே என்று பட்டறைக்கார அண்ணன் நாக்கின்மேல் ஒரு சிறு ஸ்பிரிங்கையும் வைத்துவிட்டார். மழைக்குப் பிறகு மூன்று தடவை போய்வந்தோம், ஒரு தடவையும் விடவில்லை. ஏற்காட்டு ஏரிப் பக்கம் ஒரு குரங்கு மட்டும் அதைப் பத்து நிமிடம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. தூக்கியது, இழுத்தது, இரண்டையும் சேர்த்துச் செய்யவில்லை.