ஏன் இறங்க வேண்டியிருந்தது?

ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் அடித்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்கும். திருப்பூர், பெருந்துறை, கோவை வட்டாரத் தொழிற்சாலைகளில் தொழில் பாதுகாப்பு வேலை பார்ப்பவன் நான். வாரநாளில் வருவது பெரும்பாலும் விரல் நசுங்கிய செய்தி, கண்ணில் துகள் விழுந்த செய்தி. நான் போய்ப் பார்த்த சாவுகளில் பல ஞாயிற்றுக்கிழமை நடந்தவை. அதற்குக் காரணம் உண்டு. மெஷின் நிற்கிற அன்றைக்குத்தான் பராமரிப்பு வேலை நடக்கும். அன்றைக்குத்தான் சூப்பர்வைசர் வீட்டில் இருப்பார்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சாயப்பட்டறை. கழிவுநீர்த் தொட்டியின் அடியில் சேறு இறைக்கும் பம்பு அடைத்துக்கொண்டது. பிட்டர் உள்ளே இறங்கினார், நாலைந்து நிமிடத்தில் சாய்ந்துவிட்டார். அவரைத் தூக்கிவிட, மேலே நின்ற ஒடிசாக்காரத் தம்பி குதித்தார். இரண்டு பேருமே பிழைக்கவில்லை.

நான் போனபோது மேனேஜர் அறிக்கையை எழுதியே வைத்திருந்தார். 'மாஸ்க் அணியாமல் இறங்கியதே காரணம். தொழிலாளியின் கவனக்குறைவு.' அவர் சொன்ன மாஸ்க், அலமாரியில் கிடந்த தூசி மாஸ்க். அதைப் போட்டுக்கொண்டு இறங்கியிருந்தாலும் இருவரும் இறந்துதான் இருப்பார்கள்.

சாயம் ஏற்றும்போது கிளாபர் உப்பு போடுகிறோம். அது சோடியம் சல்பேட். கழிவுநீரோடு தொட்டிக்குப் போய், சேற்றோடு காற்றுப் படாமல் இரண்டு நாள் கிடந்தால், சேற்றில் உள்ள பாக்டீரியா அதை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றிவிடும். காற்றைவிடக் கனமானது, அடியிலேயே தங்கும். முதலில் அழுகிய முட்டை வாடை வரும். 100 பிபிஎம் அளவை, அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் நூறு பங்கை எட்டினால் மூக்கே மரத்துப்போகும், வாடை தெரியாது. 'நாத்தம் போயிருச்சு, இனி எறங்கலாம்' என்று நினைக்கிற நேரம்தான் மிக ஆபத்தான நேரம். கிணறு தூர்வாரும்போது அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்க்கிற பழக்கம் நம் பக்கம் உண்டு. விளக்கு ஆக்சிஜன் குறைவைத்தான் ஓரளவுக்குக் காட்டும். இந்த வாயுவைக் காட்டாது, போதாததற்கு இது தீப்பிடிக்கும் வாயு. இன்னொன்று, மேலே நின்று கருவியில் ஒரு தடவை அளந்துவிட்டு இறங்குவதும் போதாது. சேற்றுக்குள் அடைபட்டிருக்கும் வாயு, காலை வைத்துக் கலக்கும்போதுதான் குபீரென்று கிளம்பும். வேலை முடிகிறவரை அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

சரி, விசாரணைக்கு வருகிறேன். போலீஸ் யார் மேல் தப்பு என்று தேடும். அது அவர்கள் வேலை, அது நடக்கத்தான் வேண்டும். மரண விபத்து என்றால் தகவல் வந்த ஒரு மாதத்துக்குள் விசாரணை நடத்த வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 88-வது பிரிவில் எழுதி வைத்தது. ஆனால் தடுப்பதற்கான விசாரணை வேறு மாதிரி. அமெரிக்காவில் நியோஷ் என்ற அரசுத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1982 முதல் வேலையிடச் சாவுகளை இப்படித்தான் ஆராய்கிறது. குற்றவாளியைத் தேடாமல், அந்த வேலை எப்படி நடந்தது என்று பார்க்கிறார்கள். தொட்டி, குழி போன்ற அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று 1986-இல் அவர்கள் எழுதினார்கள். ஒடிசாத் தம்பியை நினைக்கும்போதெல்லாம் அந்த எண் எனக்கு ஞாபகம் வரும்.

அங்கே நான் முதலில் கேட்டுக்கொண்டது, தொட்டியைக் கழுவாதீர்கள் என்பதுதான். பல இடங்களில் நாம் போவதற்குள் கழுவிச் சுண்ணாம்பும் அடித்திருப்பார்கள். அப்புறம், கூட வேலை பார்த்தவர்களை ஒவ்வொருவராக, ஆபீஸ் ரூமில் இல்லாமல் அவர்கள் தங்கியிருக்கும் லைன் வீட்டில் உட்கார்ந்து, அவரவர் மொழி தெரிந்த ஆளை வைத்துக்கொண்டு கேட்டேன். முதலாளி கண்ணெதிரில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

வாட்ச்மேன் பெரியவர்தான் சொன்னார்: "ஏனுங்க சார், இது புதுசுங்களா? மாசத்துக்கு ரெண்டு வாட்டி அந்த பம்பு அடைச்சுக்கும். பிட்டருதான் எறங்குவாரு. போன மாசம் மேல வந்து கிறுகிறுன்னு வருதுன்னு படுத்துட்டாருங்க. மோர் குடிச்சிட்டு மறுபடி வேலைக்குப் போனாரு."

அதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. யாருக்கும் அது விபத்தாகத் தெரியவில்லை.

பிறகு ஒவ்வொரு கேள்வியாகப் பின்னோக்கிப் போனோம். ஏன் இறங்கினார்? பம்பை அவிழ்க்க. ஏன் உள்ளே போய் அவிழ்க்க வேண்டும்? பம்பு தொட்டித் தரையில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தது. மேலேயிருந்து தூக்கச் சங்கிலியும் இல்லை, வழிகாட்டிக் குழாயும் இல்லை. ஏன் அடிக்கடி அடைக்கிறது? துணிப் பிசிறு. வாய்க்காலில் இருந்த சல்லடை துருப்பிடித்து உடைந்து ஒரு வருடமாகிவிட்டது, மாற்றவில்லை. ஏன் மாற்றவில்லை? பிட்டர் கேட்டிருக்கிறார், பர்ச்சேஸில் நின்றுவிட்டது. ஏன் ஞாயிற்றுக்கிழமை? திங்கள் காலை ஆர்டர் ஓட வேண்டும்.

ஒரு சல்லடை, ஒரு சங்கிலி. இரண்டும் இருந்திருந்தால் யாருமே உள்ளே இறங்க வேண்டிய தேவை வந்திருக்காது. மாஸ்க், பெல்ட், பயிற்சி எல்லாம் அதற்கு அப்புறம் வருபவை. என் அனுபவத்தில் அறிக்கைகள் பெரும்பாலும் தலைகீழாக எழுதப்படுகின்றன. 'பயிற்சி அளிக்கப்படும்' என்ற வரி முதலில் வரும், சங்கிலி வரவே வராது.

தோட்டத்தில் போர்வெல் பைப்பைத் தூக்கும்போது மேலே போகும் மின்கம்பியில் பட்டு இறக்கிறார்களே, அங்கேயும் இதேதான். 'பார்த்துத் தூக்கியிருக்கலாம்' என்று பேசிவிட்டுக் கலைந்துவிடுகிறோம். கம்பிக்கு அடியில் போர் போட இடம் குறித்தபோது யாராவது அண்ணாந்து பார்த்தார்களா என்று கேட்பதில்லை.

பிட்டரின் மனைவியைப் பார்க்கப் போனேன். இழப்பீடு, இ.எஸ்.ஐ. பென்ஷன் காகிதங்களை விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "வேற பட்டறையிலயும் இதே மாதிரி எறங்கறாங்களாங்க?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகுதான், படங்களை எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்துப் பட்டறைகளுக்கு நடக்க ஆரம்பித்தேன். கம்பெனிப் பெயரைச் சொல்வதில்லை. தொட்டியையும், போல்ட்டையும், உடைந்த சல்லடையையும் மட்டும் காட்டுவேன். அப்புறம் அங்குள்ள பிட்டரைத் தனியாகக் கூப்பிட்டு, கடைசியாக எப்போது உள்ளே இறங்கினீர்கள் என்று கேட்பேன். ஒரு இடத்தில் முதலாளி, "எங்ககிட்ட அப்படியெல்லாம் நடந்ததில்லைங்க" என்றார். பக்கத்தில் நின்ற பிட்டர், "முந்தாநேத்து எறங்கினேனுங்க" என்றார். முதலாளி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு என்னைத் தொட்டிக்குக் கூட்டிப்போய், சங்கிலியை எந்த இடத்தில் மாட்டலாம் என்று காட்டச் சொன்னார்.